மேல சொல்லியாச்சு, அப்புறம்?

ரேஸ்கோர்ஸ் கிரவுண்ட்ல பிள்ளைகள கோச்சிங் விட வர்ற எங்க செட்டுல ஜோ பட்டர்னோ பேச்சு வந்துச்சு. அமெரிக்காவுல பென் ஸ்டேட் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கு 1966ல இருந்து 2011 வரைக்கும் ஹெட் கோச், 409 வெற்றி. "அவ்ளோ பெரிய மனுசன கடைசில வேலைய விட்டே தூக்கிட்டாய்ங்களே"ன்னு ஒரு அண்ணன் வருத்தப்பட்டாரு, எனக்கு அந்த வருத்தம் வரவே இல்ல.

2001ல அவருகிட்ட வேலை பாத்த இளம் அசிஸ்டெண்ட் ஒருத்தர் வந்து, அங்க முன்னாடி கோச்சா இருந்த சாண்டஸ்கி ஷவர்ல ஒரு சின்னப் பையன்கிட்ட தப்பா நடந்தத பாத்தேன்னு சொல்றாரு, பட்டர்னோ அத யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸுக்குத் தலைவரான அத்லெட்டிக் டைரக்டர் காதுல போட்டுட்டு வழக்கம்போல டீம பாக்கப் போயிட்டாரு, போலீஸுக்கு யாருமே சொல்லல, சாண்டஸ்கி கைதானது 2011 நவம்பர்லதான். பத்து வருசம்யா! 2012ல சாண்டஸ்கி மேல 45 குற்றச்சாட்டு நிரூபணமாச்சு. இதுக்குத் தண்டனையா பட்டர்னோவோட 111 வெற்றிய 2012ல கழிச்சாங்க, 2015ல திருப்பியும் குடுத்துட்டாங்க. அந்தப் பசங்களுக்கு எதத் திருப்பிக் குடுக்குறது?

'மேல சொல்லிட்டாருல்ல'ன்னு அந்த அண்ணன் விடாம கேட்டாரு. அண்ணே, பிள்ளைகள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற நம்ம போக்சோ சட்டத்துல அது செல்லாது. விசயம் தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், தனக்குக் கீழ வேலை பாக்குறவன் செஞ்சத மறைச்ச நிர்வாகத் தலைவருக்கு 1 வருசம் வரைக்கும்.

பிள்ளைகள சேக்கும்போது ஃபீஸ் கேக்குறோம், டைமிங் கேக்குறோம், புகார் வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னும் கோச்சுகிட்ட நேரா கேளுங்க, சைல்டு ஹெல்ப்லைன் 1098ஐ பிள்ளைகளுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுங்க.