பிளஸ் செய்த வேலை

"அண்ணா, 2-ஐயும் 3-ஐயும் கூட்டினா ஜாவா 23-ங்குது!" பக்கத்து சீட் தம்பி.

எட்டிப் பார்த்தேன். ஜாவா என்ற புரோகிராம் மொழியில் அவன் எழுதியிருந்த வரி: "மொத்தம்: " + 2 + 3.

இடமிருந்து வலமாகப் போகும். முதலில் ஸ்ட்ரிங்கோடு, அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளோடு, 2 ஒட்டிக்கொள்ளும், அப்புறம் 3. கடைசி இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டான், 5 வந்தது.

சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு மொழியில் பிளஸுக்கு நாமே புது வேலை கொடுக்கலாம். அங்கே பலர் அதைக் கண்டபடி பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் அதில் அந்த வசதியையே வைக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரிங்குக்கு மட்டும் ஜாவாவே பிளஸை ஓவர்லோட் செய்துகொண்டது, அதாவது ஒட்டும் வேலையையும் அதற்குக் கொடுத்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

நமக்கோ, பைசா பிசகாத கணக்குக்கான பிக்டெசிமல் என்ற எண் வகையில் இரண்டு தொகையைக் கூட்டக்கூட, பிளஸ் போடாமல் 'ஆட்' என்ற மெத்தடை (பெயர் வைத்த செயலை) கூப்பிட வேண்டும். வட்டிக் கணக்கு எழுதிப் பாருங்கள், ஒரு வரி சூத்திரம் அனுமார் வாலாக நீளும்.

பிளஸைத் திறந்தே விட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.