மூ கணக்கு

அறுவடை மெஷின் எவ்வளவு நெல்லைச் சிந்தி வீணாக்குகிறது என்று பார்க்க, தரையில் ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் கிடக்கும் நெல்மணிகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். ஜப்பானிய அறுவடை மெஷின் கம்பெனி ஒன்று என்னைச் சீனாவுக்கு அனுப்பியபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். ஜியாங்சு மாகாணத்தின் வடபகுதி, அக்டோபர் கடைசி வாரம். குனிந்து எண்ணி, நோட்டில் எழுதி நிமிர்ந்தால், மெஷின் இரண்டு வயல் தாண்டிப் போயிருந்தது.

வண்டியை ஓட்டியவரை எல்லாரும் ஷிஃபு என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் கைவந்தவருக்கு அங்கே அந்தப் பெயர், நம் ஊர் மேஸ்திரி மாதிரி. அவர் இறங்கி வந்து என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட வந்த பையன் மொழிபெயர்த்தான்: "நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு மூ அறுத்துட்டேனாம்."

மூ என்பது அவர்களுடைய நில அளவு. ஆறு மூ சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு அறுவடை தேவைப்பட்டது.

சீன வயலுக்கு வெளிநாட்டு மெஷின் வந்த கதை என்றால் வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் இருக்கும் நட்புறவுப் பண்ணையைத்தான் சொல்வார்கள். 1954-ல் சோவியத் உதவியோடு தொடங்கிய அரசுப் பண்ணை. 1978-ல் அதன் ஒரு பிரிவில் அமெரிக்கக் கம்பெனியான ஜான் டீரின் கருவிகளைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார்கள். கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு மண் சமவெளி, அங்கே பெரிய மெஷின் ஓடாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அதே காலத்தில் மற்ற மாகாணங்களில் கூட்டு நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்குச் சில மூ, அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நான் வேலை பார்த்தது அந்தத் துண்டு நிலங்களில்.

1990-களின் கடைசியில் ஜப்பான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் ஆலை போட்டன. குபோட்டா 1998-ல் ஜியாங்சுவின் சூச்சோ நகருக்கு வந்தது. அவர்கள் ஊரில் பேர்போன மெஷின் ஒன்று உண்டு. தாளைப் பிடித்துக்கொண்டு கதிரை மட்டும் உள்ளே விட்டு அடிக்கும், வைக்கோல் முறியாமல் வெளியே வரும். அங்கே சொந்த வயலில் வருஷத்துக்குச் சில நாள் ஓட்டி, கழுவித் துடைத்துக் கொட்டகையில் நிறுத்துவார்கள். ஜியாங்சுவில் நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும். வைக்கோலை எரிக்கவும் தடை. முழு வைக்கோலை வைத்துக்கொண்டு அந்த ஊர் விவசாயிகள் என்ன செய்வார்கள்? பொடியாக நறுக்கி மண்ணிலேயே விட்டால் போதும் என்பார்கள். (தஞ்சாவூரில் என் மாமா, மெஷின் வைக்கோலை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது என்று சண்டை போடுவார். ஊருக்கு ஊர் குறை வேறு.) கடைசியில் சீன நெல் வயலில் நிலைத்தது, தாளோடு மொத்தமாக உள்ளே வாங்கி அடிக்கும், சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஊர்ந்து போகும் வண்டிதான்.

அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் விவசாயிகள் இல்லை. இதை எங்கள் அலுவலகம் புரிந்துகொள்ள நாள் பிடித்தது. வாங்கியவர்கள் ஷிஃபு போன்றவர்கள். 2004-லிருந்து அரசு மானியம் கிடைத்தது, மிச்சத்துக்குச் சொந்தக்காரர்களிடம் கடன். ஜூலையில் ஹுனான் பக்கம் முன்பட்ட நெல், செப்டம்பரில் ஹுபெய், ஆன்ஹுய், பிறகு ஜியாங்சு என்று நெல் பழுக்கிற திசையில் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஷிஃபு ஓட்டுவார், அவர் மனைவி வயலை அளந்து காசு வாங்குவார். இரண்டு பேரும் லாரியிலேயே தூங்குவார்கள்.

கூலி மூ கணக்கு. நம் டெல்டாவில் அறுவடை மெஷினுக்கு வாடகை மணிக் கணக்கு. வண்டி மெதுவாகப் போனால் நிலத்துக்காரர் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கத்துவார். ஜியாங்சுவில் அதே நிலத்துக்காரர், கொஞ்சம் மெதுவாகப் போ, நெல் சிந்துகிறது என்று கத்துகிறார். ஷிஃபுவுக்கோ வேகம்தான் சம்பளம். எங்கள் கையேட்டில் பனி காய்ந்த பிறகே இறங்க வேண்டும் என்று போட்டிருக்கும். அவர் விடியும் முன்பே இறங்கிவிடுவார். ஈரத் தாள் கதிரடிக்கும் உருளையில் அடைத்துக்கொண்டு, அதைச் சுழற்றும் பெல்ட் வழுக்கி, ரப்பர் தீயும் நாற்றம் வயல் முழுக்க வரும். ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்ன பாகத்தை அவர் நான்கே நாளில் பார்க்க வேண்டியிருந்தது. ஜப்பானில் பல வருஷம் வரும் சாமான் இங்கே ஒரு பருவத்தில் தேய்ந்து வந்து நிற்கும். "தப்பான உபயோகம்" என்று நாங்கள் வாரன்டிப் படிவத்தில் எழுதி அனுப்பினோம். நானும் எழுதினேன்.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் இன்னும் உறுத்துகிறது. சேற்றில் ஓடும்போது வைக்கோல், வண்டி ஊரும் பெல்ட்டுக்குள் இருக்கும் ரோலரின் அச்சில் சுற்றிக்கொள்ளும். சுற்றிச் சுற்றி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். எண்ணெய் போய், சேறு உள்ளே புகுந்து, பேரிங் கத்த ஆரம்பிக்கும். ஷிஃபு பழைய லாரி சேஸிஸிலிருந்து கைப்பிடி அகலத்துக்குத் தகடு வெட்டி, ரோலருக்கு முன்னால் வெல்டிங் வைத்திருந்தார். கோணல்மாணலான வேலை, பெயின்ட் கூட அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்க அச்சில் ஒரு இழை வைக்கோல் இல்லை. தகடு வைக்காத மறுபக்கத்து ரோலர்தான் போயிருந்தது. வண்டியில் வெல்டிங் வைத்தால் வாரன்டி கிடையாது என்பது விதி. விதிப்படி மறுத்தேன். அவர் மனைவி எதுவும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துப் புது ரோலர் வாங்கினார். ஷிஃபு அன்று இரவே அந்தப் பக்கமும் தகடு வைத்துவிட்டார்.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தத் தகட்டைப் படம் எடுத்து, அளவு போட்டு, வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்பியதுதான். பதில் வரவில்லை. வேறு ஊர்களிலிருந்த சர்வீஸ் ஆட்களிடம் கேட்டால், அவர்களும் விதவிதமான தகடுகளைப் பார்த்திருந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் புது மாடல் வந்தது. ரோலருக்கு முன்னால், பெயின்ட் அடித்து, போல்ட் போட்ட அழகான தகடு. செய்முறை விளக்கத்துக்கு ஷிஃபுவும் வந்திருந்தார். குனிந்து அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னோடது இதைவிடக் கனம்" என்றார்.