வியாழக்கிழமைப் பேச்சாளர்கள்

ஜூலை 4, 2024, வியாழன்

போன ஞாயிறு பதவியேற்பு விழாவில் என் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்துக்கு இந்த ஆண்டுச் செயலாளர் நான். ரோட்டரிக்கு வருடப் பிறப்பு ஜூலை 1. அச்சகம் வைத்திருப்பவனைச் செயலாளராக்கினால் அழைப்பிதழ், வார மடல் எல்லாம் அடக்க விலைக்கு முடிந்துவிடும் என்ற கணக்கு அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் மூன்று நண்பர்களும் கூடியதுதான் தொடக்கம். ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர். எங்கள் ஊரில் இடம் சுற்றுவதில்லை, எப்போதும் பஸ் ஸ்டாண்டு எதிரே ஓட்டல் மாடிதான். பதவிதான் சுற்றுகிறது. 31 உறுப்பினர்களில் 19 பேர் முன்னாள் தலைவர்கள். மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று ரோட்டரி தலைமையே 2016-ல் விதியைத் தளர்த்திவிட்டது. சொல்லிப் பார்த்தேன். "வியாழக்கிழமை ராத்திரி வீட்ல இருந்து என்னப்பா செய்யச் சொல்ற?" என்றார் ஒரு முன்னாள்.

ஆக, வருடத்துக்கு ஐம்பது பேச்சாளர் பிடிக்க வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம், ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, இரவுச் சாப்பாடு. பணம் கிடையாது.

ஜூலை 11, வியாழன்

மன அழுத்தம் பற்றி வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர். இருபது நிமிடம் ஐம்பத்தைந்து ஆனது. '5 நிமிடம்' என்று துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினேன். வாங்கிப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், டம்ளரை அந்தச் சீட்டின் மேலேயே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். கீழே இடியாப்பம் காய்ந்துகொண்டிருந்தது. மன அழுத்தம் எங்களுக்குத்தான்.

மில் அண்ணாச்சிக்குக் கவலையில்லை. கடைசி வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே அவர் நாற்காலி. கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் 'நால்வழிச் சோதனை' என்ற நான்கு கேள்விகளைச் சொல்லி முடித்ததும் கண் மூடிவிடும். நன்றியுரைக்குத்தான் திறக்கும்.

ஜூலை 18, வியாழன்

வருவதாகச் சொன்னவர் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைவிரித்தார். ஏழு பேருக்குப் போன் செய்து பார்த்துவிட்டு, அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். "மைக்ல எல்லாம் பேசினதில்ல சார்" என்றார். கையில் கருகிய காயில் ஒன்றைச் சும்மா எடுத்து வந்திருந்தார், நல்லவேளை.

அதை முன்வரிசையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இழுக்க வேண்டிய சுமை அப்படியே இருக்கிறது, அதனால் மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், காயில் சூடாகும், மேலே பூசிய வார்னிஷ் கருகும், அப்புறம் கம்பியோடு கம்பி ஒட்டிக்கொள்ளும். "மூணு பேஸ்ல ஒண்ணு போனாலும் இதே கதைதான். உறுமற சத்தம் கேட்டா ஓடிப்போய் ஆஃப் பண்ணுங்க." பன்னிரண்டே நிமிடம். போர்வெல் மோட்டார் இல்லாத வீடு இங்கே ஏது? கேள்வி மட்டும் அரை மணி நேரம் போனது. பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் காயிலைச் சுற்றிக் கொண்டுபோனார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ரோட்டரி மாவட்டத் தலைவருக்கு 'மாவட்ட ஆளுநர்' என்று பெயர். அடுத்த மாதம் வருகிறார். 'ஆளுநர் வருகை' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்து ஓட்டல் வாசலில் ஒட்டினேன். டீக்கடைக்காரர் கேட்கிறார், அதற்குள் ரோடு போட்டுவிடுவார்களா என்று.

ஆகஸ்ட் 29, வியாழன்

கண் தான இருவார விழா நடப்பதால் கண் வங்கியிலிருந்து ஓர் இளைஞர். புள்ளிவிவரம் ஏதும் சொல்லவில்லை. சாவு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். முதல் வேலை, இமைகளை மூடுவது. தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துவது. ஈரப் பஞ்சை இமை மேல் வைப்பது. ஃபேனை நிறுத்துவது, காற்றில் கருவிழி காய்ந்துவிடும். ஆம்புலன்ஸ் வேண்டாம், உடம்பை எங்கும் கொண்டுபோக வேண்டாம், அவர்களே வீட்டுக்கு வருவார்கள். இருபது நிமிட வேலை. கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், வயதானவர் எல்லாரும் கொடுக்கலாம்.

ஃபேனை நிறுத்துங்கள் என்றபோது எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கல்யாண சீசன், அச்சகத்தில் மூச்சு விட நேரமில்லை. மடலை ராத்திரியே ஓட்டிவிட்டேன். கண் வங்கி எண் கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி.

செப்டம்பர் 11, புதன்

இரவு ஒன்றே முக்காலுக்கு மில் அண்ணாச்சி போன். "தம்பி, ஆத்தா போயிட்டா. உன் மடல்ல போட்ட நம்பர்ல எவனோ லாரி டிரைவர் எடுக்கான்."

பாதித் தூக்கத்தில் மடலைத் தேடி எடுத்தேன். 8 இருக்க வேண்டிய இடத்தில் 3. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் புரூஃப் பார்க்கிறேன். சட்டைப் பைகளைத் துழாவி அந்த இளைஞர் கொடுத்த விசிட்டிங் கார்டைக் கண்டுபிடித்து நானே அழைத்தேன். "ஃபேன் நிறுத்தியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறை புழுங்கியது. ஃபேன் ஓடவில்லை. ஆச்சி தலைக்குக் கீழே இரண்டு தலையணை, இமைகள் மேல் ஈரப் பஞ்சு. காய்ந்துவிடக் கூடாதென்று அண்ணாச்சி டம்ளரில் விரல் நனைத்துச் சொட்டிக்கொண்டிருந்தார். அவர் அக்கா மட்டும் விடவில்லை. "அடுத்த பிறவியில குருடியாப் பொறப்பாளேடா." அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "சுடுகாட்டுல எல்லாத்தையும்தான எரிக்கப் போறோம். அப்போ அடுத்த பிறவியில எதோட பொறப்பா?" அக்கா அழுதாள், ஆனால் அப்புறம் தடுக்கவில்லை.

நாலு மணிக்கு இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்கள். கையெழுத்து, கொஞ்சம் ரத்த மாதிரி, இருபது நிமிடம். வெளியே வந்து கை கழுவினார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அக்காவும் வந்து பார்த்தாள், சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

மடலின் முதல் பக்கத்தில் திருத்தம் போட்டேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் போதும் என்றார் தலைவர். கேட்கவில்லை. அண்ணாச்சி இன்னும் வரவில்லை. அவர் நாற்காலியில் யாரும் உட்காரவுமில்லை, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

உலக போலியோ தினம். 1985-லிருந்து ரோட்டரி தூக்கிச் சுமக்கிற வேலை இது. மாவட்ட அளவில் யாரையாவது கூப்பிடச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்ற கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டேன். 1995-ல் முதல் சுற்றிலிருந்தே சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டி நடந்தவர்.

பலகையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் சதுரம் வரைந்தார். மருந்துக் குப்பியின் மேல் இப்படி ஒரு முத்திரை இருக்குமாம். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை கொடுக்கலாம். வெயிலில் அலைய அலையச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பி குப்பைக்கு. "ஐஸ் கட்டி உருகுதான்னு பாக்கறதும், சதுரத்தப் பாக்கறதுமாவே எனக்கு இருபது வருஷம் போச்சு." 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் நாட்டில் கடைசி. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லையென்று சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "தட்டம்மை ஊசி போடப் போயிருந்தேன்."

மை எப்படி வைப்போம் தெரியுமா என்று கடைசி வரிசைக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் இடது சுண்டுவிரல் நகத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார். அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே, "எனக்கு அஞ்சு வயசு தாண்டிருச்சு தாயி" என்றார்.

ராத்திரி பதினொன்றுக்கு மடல் தயார். செவிலியர் எண்ணைக் கடைப் பையனை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, அப்படியே அழைத்தும் பார்த்தேன். மணி அடித்தது. "யாரு?" என்றார் தூக்கக் கலக்கத்தில். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.