மைக்ரோவேவ் அவசரம்

'டிங்' சத்தம் வரும் முன்பே ஆபீஸ் மைக்ரோவேவ் கதவைப் படாரென்று திறந்தார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைப் பல வருடங்கள் குழப்பியது இதே அவசரம்தான்! ஓடும் அடுப்பைத் திறந்தால் கசியும் அலை, விண்வெளி வெடிப்பு போலவே பதிவானது. 2015-ல்தான் குட்டு உடைந்தது.

ஆனால் அதே பார்க்ஸின் 2001 பதிவிலிருந்து 2007-ல் கண்டெடுத்த 'அதிவேக ரேடியோ வெடிப்பு', அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து வந்த ரேடியோ அலையின் கண நேர வீச்சு, நிஜம். சில மில்லிசெகண்ட்தான். அதற்குள் அது கொட்டிய ஆற்றலைக் கொட்டச் சூரியனுக்கு நாள்கணக்கில் ஆகும்.

ஒன்றே ஒன்று கையில் இருந்தவரை பலருக்கும் சந்தேகம்.

அப்புறம் கனடாவில் சைம் வந்தது. அசையவே அசையாத தொலைநோக்கி. பூமி சுழல, வானம் அதன் மேலே நகர்ந்து போகும், அவ்வளவுதான். 2021-ல் வந்த அதன் முதல் பட்டியலில் 536 வெடிப்புகள்.

கூட்டம் சேர்ந்ததும் கேள்வியே மாறிவிட்டது. அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வெடித்தவை வெறும் 18 இடங்கள். ஒரே முறை வெடித்தவற்றைவிட அவற்றின் வெடிப்புகள் சற்று அதிக நேரம் நீடித்தன, பரவிய அலைவரிசையும் குறுகல். அப்படியானால் ஒரே முறை வெடித்தவை வேறு இனமா? இல்லை, அடுத்த வெடிப்பு வரை நாம்தான் காத்திருக்கவில்லையா?

எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.