மூடிய சாயப்பட்டறையை மறுபடி ஓட வைத்த கதை

2011 ஜனவரி 28 அன்று, திருப்பூர் சாயப்பட்டறைகளையும் அவற்றின் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்ட்டைத் துண்டித்துவிட்டார்கள். ஒரு பட்டறையில் கழிவுநீர் ஆய்வக வேலையில் இருந்தேன். திரும்ப ஓட்ட அனுமதி வாங்கும் வரை நடந்ததெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த உத்தரவு திடுதிப்பென்று வரவில்லை. நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006-லேயே தீர்ப்பு வந்திருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, "தேக்கி வைக்காதீர்கள், எங்கள் கிணறுகள் கெடுகின்றன" என்று ஆயக்கட்டுக்காரர்களே கேட்கும் நிலை வந்தது. பாசன அணையில் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்கிறார் என்றால் அவர் எவ்வளவு இழந்திருக்க வேண்டும்!

எங்கள் உண்மையான எதிரி நிறமல்ல, உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு போட்டே ஆக வேண்டும்; அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். நிறத்தை நீக்கிவிடலாம். கரைந்த உப்பு சாதாரண சுத்திகரிப்பில் போகாது. வெளியேறும் நீரில் கரைந்த உப்புகளின் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நாங்கள் நிலையத்துக்கு அனுப்பிய தண்ணீரில் அதைப் போல் மூன்று மடங்கு இருந்தது.

ஆகவே வேலை முழுவதும் உப்பைச் சுற்றியே. முதலில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் உயிரியல் தொட்டி, பிறகு உப்பைச் சவ்வால் தடுத்து நிறுத்தும் ஆர்.ஓ. பெரும்பகுதி தண்ணீர் அங்கேயே நல்ல நீராகத் திரும்பிவிடும். மிஞ்சுகிற உப்புக் கரைசலில்தான் எல்லோருக்கும் தூக்கம் போனது. அத்தனையையும் எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்தால் விறகுச் செலவே ஆளைச் சாய்த்துவிடும். குழாய்களில் படிவு ஏறி இயந்திரம் அடிக்கடி நிற்கும். கரைசலிலிருந்து நிறத்தையும், கால்சியம் முதலியவற்றால் வரும் கடினத்தன்மையையும் நீக்கி, அதையே மறுபடி சாயத் தொட்டிக்கு அனுப்புவது என்ற வழிதான் கைகொடுத்தது.

டையிங் மாஸ்டர் அந்தத் தண்ணீரைத் தொடவே மறுத்தார். அவர் பயம் நியாயமானது. கால்சியம் கொஞ்சம் மிஞ்சினாலும் துணியில் திட்டுத் திட்டாக விழும், ஷேடு மாறும், பையர் ரிஜெக்ட் செய்துவிடுவார். புது உப்பில் ஒரு துண்டு, மீட்ட கரைசலில் ஒரு துண்டு என்று ஆய்வகத்தில் சாயம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கருப்பிலும் நேவியிலும் வித்தியாசம் தெரியவில்லை. வெளிர் நிறங்கள் சரியாக வர மட்டும் நாள் பிடித்தது.

நிலையத்துக்கு வட்டியில்லாக் கடனாக அரசுப் பணம் கிடைத்தது, ஆற்றுப் பக்கம் போன பழைய குழாய்களை அடைத்தோம், மீட்டர்கள் பொருத்தினோம். முதலில் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வந்து மாதிரி எடுத்துப் போவார்கள். உள்ளே வந்த தண்ணீர், மீண்ட தண்ணீர், உப்பு, மூன்றின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அடுத்த கட்டம். கணக்கு இடித்தால், விடை கிடைக்கும் வரை நிறுத்திவைப்பு. கடுமைதான். ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் இன்றும் மதிக்கிறேன். கழிவு கள்ளத்தனமாக எங்கே போகிறது என்பதை அது ஒன்றே காட்டிக் கொடுக்கும்.

அதற்கு முன்பெல்லாம் சுத்திகரித்தவன்தான் நஷ்டப்பட்டான். பக்கத்துப் பட்டறைக்காரர் ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு, கிலோவுக்குக் கூலியைக் குறைத்துக் கேட்பார். பனியன் கம்பெனி அங்கே போய்விடும். முதலாளியின் நல்ல மனதை மட்டும் நம்பி அந்தப் போட்டியில் நிற்க முடியாது. எல்லோருக்கும் ஒரே நாளில் பூட்டு விழுந்தபோதுதான் சுத்திகரிப்புச் செலவு கூலியில் சேர்ந்தது. அந்தச் செலவைத் துணி வாங்குபவர் தர வேண்டும். நொய்யல் கரை விவசாயி ஏன் தர வேண்டும்?

இன்னும் தீராதது கலப்பு உப்பு. எவாப்பரேட்டரின் கடைசியில் வரும் அந்த அழுக்கு உப்பைச் சாயத்துக்கும் பயன்படுத்த முடியாது, கண்ட இடத்தில் கொட்டவும் கூடாது. மழை படாத கூரைக்கடியில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறோம். புதிதாக நிலையம் கட்டுகிறவர்கள் இந்தக் கூரைக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். அதைவிட முக்கியம், சாயத் தொட்டித் தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் பட்டறையிலேயே தனித்தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள்; ஒரு தடவை கலந்துவிட்டால் பிறகு எல்லாவற்றுக்கும் செலவு கூடும்.