எமல்சன் பெயின்ற் சுவரில்தான் உருவாகிறது

எமல்சன் பெயின்றின் உற்பத்தியில் கடைசிக் கட்டம் தொழிற்சாலையில் நடப்பதில்லை; நம் வீட்டுச் சுவரில் நடக்கிறது. ரின்னுக்குள் முக்கியமாக இருப்பவை, நீரில் பரவி நிற்கும் பல்பகுதியத் (பொலிமர்) துகள்களும் நிறப்பொருளும்தான். அவை ஒன்றோடொன்று இணைந்து உறுதியான படலமாகுமா, அரைகுறையாக நின்றுவிடுமா என்பது, பிறஷ் சுவரைத் தொடும் நேரத்து வெயிலையும், காற்றின் ஈரத்தையும், சாந்தின் காரத்தையும், நாம் கலக்கும் தண்ணீரின் உப்பையும் பொறுத்தது. பெயின்ற் ஆய்வுகூடமொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன் நான். இங்கு சுவர்கள் உரிவதையும் பொரிவதையும் பார்த்து ரின்னின் பெயரைக் குறை சொல்பவர்களே அதிகம். வன்னியின் வெயிலும் மாரியும் கிணற்று நீரும் அந்தக் கடைசிக் கட்டத்தை எப்படி நடத்துகின்றன என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ரின்னுக்குள் இருப்பதைப் பார்ப்போம். நீரில் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளொன்றைக் கரைத்து, அக்கிரிலிக் எசுத்தர்களான ஒருபகுதியங்களை (சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகளை) அதில் சிறு துளிகளாகக் கலக்கி, ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் பெர்சல்பேற்று உப்பைச் சேர்த்தால், அந்த உப்பு சிதைந்து உண்டாகும் சுயாதீன மூலிகங்கள் என்னும் எளிதில் தாக்கமுறும் துணுக்குகள் ஒருபகுதியங்களை நீண்ட சங்கிலிகளாகக் கோக்கின்றன. முடிவில் கிடைக்கும் பால் நிறத் திரவத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி பல்பகுதியமாக இருக்கும். அதன் துகள்களின் விட்டம் பெரும்பாலும் 100 முதல் 200 நனோமீற்றர். அவற்றின் மேற்பரப்பில் மறை ஏற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒட்டாமல் நிற்கின்றன. வீட்டுச் சுவருக்கு இப்படிப்பட்ட பெயின்றை 1948இல் அமெரிக்காவின் கிளிடன் நிறுவனம் ஸ்ரைரீன்-பியூற்றாடையீன் பல்பகுதியத்தைக் கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953இல் ரோம் அன்ட் ஹாஸ் நிறுவனம் முழு அக்கிரிலிக் எமல்சனை அறிமுகப்படுத்தியது. இன்று வெளிச்சுவருக்கு நாம் நம்பி வாங்கும் பெயின்றுகளில் பல அந்த இரண்டாவது வழியில் வந்தவை.

அக்கிரிலிக் சங்கிலியை எவ்வளவு கடினமாக்குவது என்பதுதான் தயாரிப்பவரின் முதல் கவலை. மெதைல் மெதக்கிரிலேற்றை மட்டும் கொண்டு செய்த பல்பகுதியம் 105 பாகைக்குக் கீழே கண்ணாடித்தன்மையோடு விறைத்து நிற்கும்; பியூற்றைல் அக்கிரிலேற்றை மட்டும் கொண்டு செய்தது சுழியத்துக்குக் கீழே 54 பாகை வரை இளகியே இருக்கும். இரண்டையும் சம நிறையில் கலந்தால், 1956இல் பொக்ஸ் என்ற அறிவியலாளர் தந்த சமன்பாட்டின்படி, இளகும் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகையாகிறது. குளிர்நாட்டுக்கு அது நல்ல கணக்கு. வன்னியின் சித்திரை வெயிலிலோ அவ்வளவு மென்மையான படலம் பிசுபிசுத்து, வீதியில் ஒரு வாகனம் போனால் எழும் செம்மண் தூசி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடினமான பல்பகுதியத்தை எடுத்தால் தூசி ஒட்டாது. ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று இணையாது. இந்த முரணைத் தீர்க்கவே, துகள்களைத் தற்காலிகமாக இளக்கிவிட்டுப் பின்னர் மெல்ல ஆவியாகிப் போகும் கரைப்பான் ஒன்றைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதன் கொதிநிலை 250 பாகைக்கும் மேல் என்பதால், சுவர் கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் அது பல நாட்கள் படலத்துக்குள் இருக்கும். புதிதாகப் பூசிய சுவரை இரண்டு மூன்று வாரங்களுக்குத் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

படலம் உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. அவற்றின் இடைவெளிகளில் மிஞ்சியிருக்கும் நீரின் பரப்பிழுவிசை, அவை உருண்டை வடிவம் இழந்து பக்கங்கள் தட்டையாகும் அளவுக்கு ஒன்றையொன்று அழுத்துகிறது. அதன் பிறகு ஒரு துகளின் சங்கிலிகள் அடுத்த துகளுக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன, எல்லை மறைகிறது, படலம் பிறக்கிறது. இந்த வரிசையில் நீர் போகும் வேகம்தான் உயிர்நாடி. பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சுவரில் பூசினால், மேலிருந்து வெயிலும் உள்ளிருந்து காய்ந்த சாந்தும் நீரைப் பறித்துவிடும். துகள்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதற்குள் மேற்பரப்பு தோலாகிவிடும். பிறஷ் ஓட்டங்கள் சேரும் இடமெல்லாம் கோடு தெரியும். நல்ல பெயின்ரர்மார் காலையில் மேற்குச் சுவரையும் பிற்பகலில் கிழக்குச் சுவரையும் எடுத்து, நிழலைப் பின்தொடர்ந்து பூசுவார்கள். அனுபவத்தில் அவர்கள் கண்டுகொண்ட அந்த வழக்கம் இரசாயனப்படி முற்றிலும் சரியானது. மிகவும் காய்ந்த சுவரென்றால் முதலில் தண்ணீர் தெளித்து, நீர் நிற்காத அளவுக்கு உலரவிட்டு, பிறகு பூசுவதும் நல்லது.

இனி, தண்ணீர். வன்னியில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தட்டுவது எல்லோரும் அறிந்தது. கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீர் அது. மறை ஏற்றத்தால் விலகி நிற்கும் துகள்களுக்கிடையே இரட்டை நேர் ஏற்றமுள்ள கல்சியம் அயன் புகுந்தால், அந்த விலக்கல் தளர்கிறது. துகள்களைத் திரளச் செய்வதில், ஒற்றை ஏற்றமுள்ள அயனைவிட இரட்டை ஏற்றமுள்ளது பல மடங்கு வலியது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. கொள்கையளவில் அது ஏற்றத்தின் ஆறாம் அடுக்கில் வளர்கிறது, அதாவது 64 மடங்கு. நிறப்பொருளைப் பிரித்து வைத்திருக்கும் பொலி அக்கிரிலேற்றும் கல்சியத்தோடு பிணைந்து தன் வேலையை விட்டுவிடுகிறது. நல்ல பெயின்றில் இதைத் தாங்கும் சேர்க்கைகள் இருப்பதால், ரின்னில் எழுதிய அளவுக்குத் தண்ணீர் கலந்தால் பெரிய கேடு வராது. அந்த அளவை மீறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

“தம்பி, தண்ணி கொஞ்சம் கூட விட்டால்தான் பிறஷ் இழுபடும்” என்று என்னிடம் சொன்ன பெயின்ரர் அண்ணை ஒருவரோடு ஒரு சிறு சோதனை செய்தேன். ஒரே இளநீல எமல்சனை இரண்டு போத்தல்களில் எடுத்து, ஒன்றில் அவர் வழக்கமாகக் கலக்கும் அளவுக்குக் கிணற்று நீரும், மற்றதில் அதே அளவு மழைநீரும் விட்டுக் கலக்கி, பில்லர் (நிறத்துக்கு முன் இடும் முதற்பூச்சு) பூசிய பலகையில் அருகருகே பூசினோம். பாதி காய்ந்த நிலையில் விரலால் தேய்த்துப் பார்த்தால், கிணற்று நீர்ப் பகுதியில் தேய்த்த இடம் மட்டும் கடும் நீலமாக மாறியது. மழைநீர்ப் பகுதியில் வேறுபாடு தெரியவில்லை. விரலின் உராய்வு திரண்ட நிறத்துகள்களை மீண்டும் பிரித்துவிடுவதால் வருவது அந்த நிறமாற்றம். ஒரே ரின்னால் பூசிய சுவரில் பிறஷ் பட்ட ஓரம் ஒரு நிறமாகவும் றோலர் பட்ட நடு இன்னொரு நிறமாகவும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலப்பது மிக எளிய தீர்வு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் வன்மையின் ஒரு பகுதி படிந்துவிடும். ஆனால் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளின் உவர்ப்பைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது.

தண்ணீர் கலந்த பெயின்றை மிச்சம் வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயின்றின் தடிப்புக்காகச் சேர்க்கும் பொருள் பல வேளைகளில் செலுலோசிலிருந்து பெறப்பட்டது. அது நுண்ணுயிர்களுக்கு உணவு. தொழிற்சாலை சேர்த்த கிருமிநாசினியைக் கிணற்று நீர் ஐதாக்கியதும் பற்றீரியாக்கள் பெருகி, சில நாட்களில் முட்டை நாற்றமும் நீர்த்த பதமும் வந்துவிடும். கலந்ததை அன்றே முடிப்பது நன்று.

வன்னியில் நான் கண்ட பெயின்ற் கேடுகளில் அதிகமானது தண்ணீராலும் வெயிலாலும் வந்ததன்று; சாந்து காயும் முன்னர் பூசியதால் வந்தது. மீள்குடியேற்றத்தின் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில், கையில் காசு சேரும்போதுதான் சாந்து பூச முடிந்தது. பூசியதும் குடிபுகுதலுக்கு நாள் குறித்துவிடுவார்கள். நாளுக்கு முன் பெயின்ற் அடித்தாக வேண்டும். அந்த அவசரத்தை நான் நன்றாகவே உணர்கிறேன். எத்தனையோ ஆண்டுகள் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே இருந்த குடும்பம் நிறம் பூசிய வீட்டுக்குள் போக விரும்புவதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் புதுச் சீமெந்துச் சாந்தின் ஈரத்தில் கல்சியம் ஐதரொட்சைட்டோடு சோடியம், பொற்றாசியம் ஐதரொட்சைட்டுகளும் கலந்திருப்பதால், அதன் காரத்தைக் காட்டும் பீஎச் அளவு 12.5க்கும் மேல் நிற்கும். இந்தக் காரம் பெயின்றின் பல்பகுதியத்தில் உள்ள எசுத்தர்ப் பிணைப்புகளைத் தாக்கும்.

எல்லாப் பெயின்றும் இதில் ஒன்றல்ல. மலிவான உட்சுவர்ப் பெயின்றுகள் பலவற்றின் பிணைபொருள், அதாவது நிறப்பொருளைச் சுவரோடு பிடித்து வைக்கும் பல்பகுதியம், பொலி வைனைல் அசற்றேற்று. காரம் அதைத் தாக்கினால் அசற்றேற்றுப் பகுதி கழன்று, எஞ்சும் சங்கிலி பொலி வைனைல் அற்ககோல் ஆகிறது; அதுவோ நீரில் கரையக்கூடியது. அதாவது சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய பிணைபொருள், அடுத்த மழையின் ஈரத்திலேயே இளகிவிடும் பொருளாக மாறுகிறது. எண்ணெய் வழிவந்த இனாமலைப் புதுச் சாந்தில் பூசினால் அது சவர்க்காரமாகவே மாறி, விரலில் வழுக்கும். மெதைல் மெதக்கிரிலேற்று சேர்ந்த அக்கிரிலிக்கில் எசுத்தர்ப் பிணைப்பின் அருகே இருக்கும் மெதைல் கூட்டம் காரத்தை எளிதில் நெருங்கவிடாது. எசுத்தர் அறுந்தாலும் முதன்மைச் சங்கிலி உடனே கரைந்துபோவதில்லை. சீமெந்துச் சுவருக்கு அக்கிரிலிக் பில்லரையே முதற்பூச்சாகக் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உட்சுவரின் மேற்பூச்சில் மிச்சம் பிடித்தாலும் பிடிக்கலாம். முதற்பூச்சில் பிடிக்கக் கூடாது.

சாந்து 28 நாட்கள் காய வேண்டும் என்பது பொது வழக்கு. மாரியில் அது போதாது. நாட்களை எண்ணுவதைவிடச் சுவரையே கேட்பது நல்லது. அதற்குக் கடையில் விற்கும் காட்டித்தாள் தேவையில்லை. சமையலறையின் மஞ்சள்தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்துச் சுவரில் தடவினால் போதும்: காரம் மிகுந்திருந்தால் ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விட்ட மஞ்சள்நீர் சிவப்பதைப் போலவே உடனே செந்நிறமாகும். மேற்பரப்பு காற்றின் காபனீரொட்சைட்டால் முதலில் நடுநிலையாகிவிடுவதால், ஆணியால் சிறிது கீறி அந்தக் கீறலிலும் தடவிப் பார்க்க வேண்டும். மேலே மஞ்சளாகவும் கீறலில் இரத்தச் சிவப்பாகவும் தெரிந்தால் பில்லர் பூசலாம், நிறம் பூசக் காத்திருக்க வேண்டும். இரண்டிடத்திலும் சிவந்தால் பில்லரும் வேண்டாம். பூத்து வரும் வெள்ளைப் பொடியும் இதே கதைதான்: உள்ளிருந்து நீரோடு வெளியே வரும் கல்சியம் ஐதரொட்சைட்டு காற்றைக் கண்டதும் கல்சியம் காபனேற்றாகிப் படிகிறது. அதைக் கழுவாமல் காய்ந்த பிறஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். நனைத்தால் இன்னும் பூக்கும்.

விலை குறைந்த பெயின்ற் ஏன் சட்டையில் ஒட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். வெள்ளையை மறைப்புத் திறனோடு தருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் ரூட்டைல் வடிவத்தின் முறிவுச்சுட்டி (ஒளியை வளைக்கும் திறனின் அளவு) ஏறத்தாழ 2.7, சுற்றியுள்ள பல்பகுதியத்துக்கு 1.5 அளவில்தான். இந்தப் பெரிய வேறுபாடே ஒளியைச் சிதறடித்துப் பின்சுவரை மறைக்கிறது. அது விலை கூடிய பொருள் என்பதால், மலிவான பெயின்றில் அதைக் குறைத்துக் கல்சியம் காபனேற்றுத் தூளை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். அதன் சுட்டி 1.6க்கு அருகில் இருப்பதால் பல்பகுதியத்துக்குள் மூழ்கிய நிலையில் எதையும் மறைக்காது. ஆனால் தூளின் கன அளவு ஓர் எல்லையைத் தாண்டும்போது, துகள்களின் இடைவெளியை நிரப்பப் பிணைபொருள் போதாமல் போய், அங்கே காற்று புகுகிறது. காற்றின் சுட்டி 1 என்பதால் மறைப்பு திரும்பி வருகிறது. அந்த எல்லையை 1949இல் அஸ்பெக்கும் வான் லூவும் தெளிவாக வரையறுத்தார்கள். எல்லையைத் தாண்டிய படலம் காய்ந்தபோது வெள்ளையாகத் தெரியும். நனைந்ததும் சீமெந்து நிறம் தெரியும். தேய்த்தால் கையோடு வரும். வாங்கும் முன் ஒரு சிறு துண்டில் பூசிக் காயவிட்டு நனைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் மனத்தில் உள்ள ஓர் ஆதங்கத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. தைத்தேனியத்தின் மூலப்பொருள்களான இல்மனைற்றும் ரூட்டைலும் கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கின்றன. அவற்றை வெள்ளை நிறப்பொருளாக்கும் முறைகளில் ஒன்றுக்குக் குளோரின் வேண்டும். பரந்தனில் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரினையும் செய்துகொண்டிருந்தது. போர் அதை நிறுத்தியது. கனிம மணல் இன்றும் மணலாகவே கப்பல் ஏறுகிறது. அந்த இரண்டையும் ஒரே திட்டத்தில் இணைத்துப் பார்க்கும் பொறியியலாளர்கள் நம் பிள்ளைகளிடையே உருவாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி பிறந்து வாடைக்காற்று மழை தொடங்கிய பின் வெளிச்சுவரைத் தொடாமலிருப்பது உத்தமம். தையின் நடுவிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். தவிர்க்க முடியாமல் மாரியில் பூச நேர்ந்தால், காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் நிறுத்திவிட வேண்டும். படலம் இறுகும் முன் இரவுப் பனியோ தூறலோ பட்டால், உள்ளிருந்த சவர்க்காரத் தன்மையுள்ள பொருள்கள் மேற்பரப்புக்குக் கசிந்து, காய்ந்ததும் பளபளப்பான ஒழுகல் கோடுகளாகத் தெரியும். கடும் நிறங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதைக் கண்டு மேலே இன்னொரு பூச்சு பூசிவிடாதீர்கள். சில நாட்களுக்குள் வெறும் தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் அந்தக் கோடுகள் போய்விடும்; மிச்சம் தெரிந்தால், காய்ந்த பிறகு ஒருமுறை கூடக் கழுவலாம்.