மார்கரீட்டா சிகரம்: கம்பூட்டில் ஐயாயிரம் மீட்டர்

உகாண்டாவும் காங்கோ ஜனநாயகக் குடியரசும் எல்லை பிரித்துக்கொள்ளும் இடத்தில் ருவென்சோரி மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஸ்டான்லி மலையின் உச்சிதான் மார்கரீட்டா, 5,109 மீட்டர். கிளிமஞ்சாரோ, கென்யா மலை இரண்டுக்கும் அடுத்து ஆப்பிரிக்காவில் இதுவே உயரம். அவை இரண்டும் எரிமலைகள். ருவென்சோரி, பிளவுப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் பூமி மேலே தள்ளிய பாறைத் திரள். நிலநடுக்கோடு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓடுகிறது, உச்சியில் பனிப்பாறை கிடக்கிறது, இடையில் உள்ள எல்லாமே ஈரம். கிளிமஞ்சாரோ ஏறிய தெம்பில் வருகிறவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் உயரத்தால் அல்ல, நனைந்த காலாலும் நனைந்த தூக்கத்தாலும்தான். எதை வாங்குவது, எதை விடுவது, எப்போது திரும்புவது என்ற எல்லா முடிவையும் ஈரத்தை வைத்தே எடுங்கள்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, பிறகு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, இவை இரண்டும் வறண்ட பருவம் என்று எழுதியிருப்பார்கள். மழை குறைவு என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும். ஆகவே விடிந்ததும் கிளம்புகிற குழு பாதி நனையும், ஒன்பது மணிக்குக் கிளம்புகிற குழு முழுதாக நனையும்.

இது 1991இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா, 1994 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமும்கூட. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வழிகாட்டிகளும் போர்ட்டர்களும் அநேகமாக மலையடிவாரத்து பகோன்சோ மக்கள். முக்கியமாக இரண்டு பாதைகள் உண்டு. நியாகலெங்கிஜாவில் தொடங்கும் சென்ட்ரல் சர்க்யூட் என்ற சுற்றுப் பாதை பழையது. பொதுவாக ஏழு நாள், குடில்களில் தங்கல். பழைய செப்புச் சுரங்க ஊரான கிலெம்பேயிலிருந்து ஏறும் பாதை நீளமானது, எட்டு நாளாவது வேண்டும், ஆனால் உயரம் மெதுவாகக் கூடும். தலைவலிக்குச் சீக்கிரம் ஆளாகிறவர்களுக்கு நான் கிலெம்பேயைத்தான் சொல்வேன். கீழே எழுதியிருப்பது சென்ட்ரல் சர்க்யூட்.

முதலில் கால். ஹைக்கிங் ஷூ எவ்வளவு விலையானாலும் மூன்றாம் நாள் சதுப்பில் மேல்வழியாகத் தண்ணீர் குடித்துவிடும். அதன் பிறகு அது காயாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் ரப்பர் கம்பூட்தான் அங்கே எல்லாரும் போடுவது. வழிகாட்டி போடுவதும் அதுதான். உங்கள் அளவைவிட ஒரு எண் பெரிதாக எடுத்து, உள்ளே தனியாக ஒரு இன்சோல் வைத்து, மெல்லிய சாக்ஸ் மேல் தடித்த கம்பளி சாக்ஸ் போடுங்கள். குதிகால் தூக்கினால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுக்கும், அதனால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். மழை பேன்ட்டை கம்பூட்டுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் மழை நேராகக் காலுக்குள் இறங்கும். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கம்பூட்டுக்குள் வியர்வையும் சேரும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய கால் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போகும்; பிறகு சூடுபடும்போது எரியும். அதற்கு மருந்து பையில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது. குடிலுக்கு வந்ததும் முதல் வேலை காலைத் துடைத்துக் காயவிடுவது, அப்புறம்தான் டீ. இரவில் பவுடர், காலையில் விரலிடுக்கில் வாசலின்.

துணியில் ஒரே விதி: உறங்கும் உடை ஒரு செட், அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது. நடக்கும் உடை காயாது. நேற்றைய ஈரச் சட்டையையே காலையில் மறுபடி போட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கொடுமைதான், நடக்கத் தொடங்கினால் உடம்பு சூடாகிவிடும். "இன்னிக்கு மட்டும் காய்ந்ததைப் போட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்குகிறவருக்கு மூன்றாம் இரவு போர்த்திக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஸ்லீப்பிங் பேக் சிந்தெடிக் நார் வைத்ததாக இருக்கட்டும். இறகு வைத்தது நனைந்தால் உருண்டு தட்டையாகி வெப்பத்தை விட்டுவிடும். பையின் மழையுறையை நம்பாதீர்கள்; உள்ளே தண்ணீர் புகாத டிரை பேக், அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. கையுறை மூன்று ஜோடி வேண்டும். அதில் ஒன்று பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையாக இருந்தால் நல்லது. ஈரப் பாசியையும் சேற்றையும் நாள் முழுக்கப் பிடித்து நடக்க அதைவிடத் தோதானது எதுவும் இல்லை. போர்ட்டர் தூக்கும் உங்கள் சுமையை 12 கிலோவுக்குள் அடக்கப் பாருங்கள்.

நியாகலெங்கிஜா சுமார் 1,600 மீட்டர். முதல் நாள் காட்டுக்குள் ஏறி நியாபிடாபா குடில், 2,651 மீட்டர். கருப்பு வெள்ளை கோலோபஸ் குரங்கு, மூன்று கொம்பு பச்சோந்தி எல்லாம் இந்தப் பகுதியில்தான், மெதுவாகப் போனால் கண்ணில் படும். இரண்டாம் நாள்தான் உண்மையான நடை, ஏழு மணி நேரம் பிடிக்கும். முதலில் கீழே இறங்கி புஜூகு, முபூகு ஆறுகள் சேரும் இடத்தருகே கர்ட் ஷேஃபர் பாலம் தாண்டி, மூங்கில் காடு, பிறகு பாசி மூடிய பாறைகள். பாறையின் உச்சியில் கால் வைக்காமல் இரண்டு பாறைக்கு இடையில் வைப்பதே பாதுகாப்பு. சாயங்காலம் ஜான் மாட்டே குடில், சுமார் 3,400 மீட்டர்.

மூன்றாம் நாள் பிகோ சதுப்புகள், கீழ் பிகோ ஒன்று, மேல் பிகோ ஒன்று. மரமாக வளர்ந்த எரிகாச் செடி, அதில் தாடிபோலத் தொங்கும் பாசிக்காளான், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் லொபீலியா, காய்ந்த இலையைக் கழற்றாமல் போர்த்திக்கொண்டு நிற்கும் ராட்சத செனேசியோ. இலைப் போர்வை அந்த மரத்துக்கு இரவுக் குளிர் தாங்க. உங்கள் கைக்குப் பிடிமானம் அல்ல. பட்டுப்போன தண்டு என்றால் பிடித்ததும் கையோடு வந்துவிடும்.

சதுப்பில் சில இடங்களில் பலகைப் பாதை உண்டு. அது முடிந்த இடத்தில் புல்திட்டு விட்டுப் புல்திட்டு தாண்ட வேண்டும், மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் செங்கல் போட்டு நடப்பதுபோல. வித்தியாசம், இந்தச் செங்கல் சாயும். திட்டின் விளிம்பில் மிதித்தால் கவிழும், நடுவில் மிதித்தால் தாங்கும். அடுத்த காலைத் தூக்குமுன் ஊன்றுகோலை முன்னே குத்திப் பாருங்கள். கைப்பிடி வரை போனால் அங்கே வேண்டாம். தயங்கி ஒரே திட்டில் நின்றால் மூழ்கும், ஓடினால் வழுக்கும். வழிகாட்டி வைத்த அடியிலேயே, அவர் போன வேகத்திலேயே போவது சரி. கால் முழங்கால் வரை புதைந்துவிட்டால் நேராக மேலே இழுக்காதீர்கள். கால் மட்டும் வரும், கம்பூட் உள்ளேயே நிற்கும். பூட்டின் மேல்விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலை முதலில் ஆட்டிக் காற்றுப் போகவிட்டு, முன்பாதத்தைச் சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். பலகை இருக்கிறது என்று அலட்சியமும் வேண்டாம், பாசி பிடித்த ஈரப் பலகை சேற்றைவிட மோசம்.

புஜூகு குடில் 3,962 மீட்டரில், ஸ்டான்லி, ஸ்பீக், பேக்கர் என்று மூன்று மலைகளுக்கு நடுவில். உயரம் பேச ஆரம்பிப்பது இங்கே. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள். வழக்கமான அளவு 125 மி.கி. காலை, மாலை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், இரவில் மழையில் வெளியே போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் பொசுங்கும். பனிமேல் அது இரட்டிப்பு, சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் பூசுங்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் உடனே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. புஜூகுவுக்கு மேலே, உச்சிக்கு முன் கடைசிக் குடிலான எலெனாவுக்கு (4,541 மீ) அப்புறம் சுற்று தெற்கே இறங்கி கிடாண்டாரா ஏரிகளுக்குப் போகிறது, 4,023 மீட்டர். இறங்கிவிட்டோம், உயரத்தால் வந்த கோளாறு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் கிடாண்டாராவின் தண்ணீர் காங்கோ பக்கம் ஓடுகிறது. அங்கிருந்து உகாண்டா பக்கம் வெளியேற, ஒரு பக்கம் 4,372 மீட்டர் ஸ்காட் எலியட் கணவாய், மறுபக்கம் 4,282 மீட்டர் ஃப்ரெஷ்ஃபீல்டு கணவாய். எதில் போனாலும் முதலில் ஏற வேண்டும். எலெனாவில் ஒருவருக்கு வாந்தி நிற்கவில்லை, நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டு நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார் என்றால், அவரைக் கிடாண்டாராவுக்கு அனுப்பாதீர்கள். வந்த வழியே புஜூகு, அங்கிருந்து ஜான் மாட்டே. சதுப்பு எரிச்சலாக இருந்தாலும் ஒவ்வொரு அடியும் கீழ்நோக்கியது. இதைக் கிளம்புமுன்பே வழிகாட்டியிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது, இரவு இரண்டு மணிக்கு எலெனாவில் விவாதிக்க முடியாது. காப்பீடும் அப்படித்தான்: பல பாலிசிகள் 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நின்றுவிடும், 6,000 வரை என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உச்சி நாள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத் தொடக்கம். கம்பூட் எலெனாவில் நிற்கட்டும். பனியில் பிடிக்கப் பூட்டின் அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டமான க்ராம்பான் நிற்க, கெட்டியான அடிப்பாகமுள்ள மலையேற்ற பூட் வேண்டும். வாடகைக்கு எடுத்தால் அடிவாரத்திலேயே பூட்டில் க்ராம்பானை மாட்டி, காலை உதறிப் பார்த்து, கழலாததை மட்டும் எடுங்கள். இடுப்பில் கயிறு மாட்டும் ஹார்னஸையும் மழை பேன்ட்டுக்கு மேலே போட்டுப் பாருங்கள், சிறிய அளவு அங்கே பொருந்தாது. எலெனாவிலிருந்து முதலில் வழுக்குப் பாறைச் சரிவுகள், பிறகு ஸ்டான்லி பீடபூமியின் பனி, மறுபடி இறங்கி பக்கத்து உச்சியான அலெக்சாண்ட்ராவுக்கும் மார்கரீட்டாவுக்கும் இடையே ஏறும் செங்குத்தான பனிப்பாறை, கடைசியில் கயிறு கட்டிய பாறை. பனியில் எல்லாரும் ஒரே கயிற்றில். கயிறு முன்னவரின் காலடியில் குவியவும் கூடாது, விறைத்து இழுக்கவும் கூடாது; லேசாகப் பனியைத் தொட்டுக்கொண்டு போகிற அளவு. புகைப்படத்துக்காக ஒருவர் நின்றால் அத்தனை பேரும் பனிப் பிளவுகளுக்கு மேல் நிற்கிறார்கள் என்று பொருள்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பி இந்தக் கட்டத்தைத் திட்டமிட வேண்டாம். 1906இல் இத்தாலியின் அப்ரூட்சி கோமகன் குழு முதன்முதலாக ஏறியபோது மலைத்தொடரில் சுமார் 6.5 சதுர கி.மீ. பனி இருந்தது. 1987இல் அது சுமார் 2, 2003இல் 1 சதுர கி.மீ.க்கும் குறைவு. பனி விலகிய இடத்தில் தேய்ந்து வழவழப்பான பாறை வெளியே வந்திருக்கிறது, ஈரமானால் க்ராம்பானும் பிடிக்காது, ரப்பரும் பிடிக்காது. முன்பு பனியில் நடந்த இடத்தில் இன்று கயிற்றில் ஏற வேண்டியிருக்கிறது, வழியும் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வழிகாட்டி கடைசியாக எப்போது மேலே போனார் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு உள்ள மதிப்பு எந்த ஜிபிஎஸ் தடத்துக்கும் இல்லை. திரும்பும் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் மேகம் மூடினால் பீடபூமியில் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

அன்றே கிடாண்டாரா வரை இறங்க அட்டவணை சொல்லும். நேரம் பிந்தினால் எலெனாவில் இன்னொரு இரவு தங்கக் கேளுங்கள், அதற்காக ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். மறுநாள் ஃப்ரெஷ்ஃபீல்டு தாண்டி கை யோமன் குடில், பிறகு நியாபிடாபா வழியாக வாசல். கடைசி நாள் ஒரேயடியாக இறக்கம், முழங்காலுக்கு இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் முடியாது.

மற்றவை சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம், பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்; இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தல். விசா இணையத்தில் எடுக்கலாம். டாலர் கொண்டுபோனால் புதிய நோட்டாக, கசங்காமல்; பழைய வருட நோட்டைப் பலர் வாங்குவதில்லை. வழிகாட்டிக்கும் போர்ட்டர்களுக்கும் அன்பளிப்பை உகாண்டா ஷில்லிங்கில், சில்லறை நோட்டாக, ஆளுக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பீன்ஸ், சோறு, சப்பாத்தி, வாழைக்காய் மசியலான மட்டோக்கே எல்லாம் உண்டு. வாசலிலிருந்து கசேசே, அங்கிருந்து என்டெபே விமான நிலையம் போகச் சாலையில் ஒரு பகல் முழுதும் ஓடிவிடும். இறங்கும் நாளுக்கு மறுநாள் விமானம் போடாதீர்கள், உபரி நாளை மலையில் செலவழித்திருந்தால் அது கிடைக்காது.